அத்தையின் அறையும் மகளின் பெஞ்சும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் கணவர், ஒன்பது வயது மகள், 66 வயதான அத்தை (கணவரின் தாயார்) ஆகியோருடன் வசிக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மாமா காலமான பிறகு, அத்தை எந்தப் பொருளையும் வெளியே போட விடுவதில்லை. பால் கவர், காலி மருந்து அட்டை, உரச்சாக்கு, கம்பி முறிந்த குடை, பழைய நாளிதழ், தகர டின், யாரோ கொடுத்த ஸ்வெட்டர் என்று மூன்று அறைகளில் இரண்டு நிறைந்துவிட்டன. கேட்டால், “எதுக்காவது ஆகும், இருக்கட்டும்” என்கிறார். என் கணவர் சிறுவனாக இருந்தபோதே அத்தையின் கட்டிலுக்கு அடியில் மூட்டைகள் இருக்குமாம். மாமா ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடுவாராம். இப்போது என் மகள் கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாள். தோழிகளை வீட்டுக்கு அழைப்பதே இல்லை. குளிருக்காக அத்தை தன் அறையில் கரி அடுப்பு வேறு வைத்துக்கொள்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் அவர் ஒரு திருமணத்துக்காக மேட்டுப்பாளையம் சென்றிருந்தபோது, நானும் கணவரும் பிக்கப் வண்டி பிடித்து ஓர் அறையைக் காலி செய்தோம். திரும்பி வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த அறை முன்பைவிட அதிகமாக நிறைந்துவிட்டது. இப்போது அதற்குப் பூட்டும் போட்டிருக்கிறார். பன்னிரண்டு வயதில் இலங்கையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், அதனால்தான் இப்படி என்கிறார்கள் உறவினர்கள். இது கஞ்சத்தனமா, நோயா? என் கணவருக்கும் மகளுக்கும் இது வருமா? நாங்கள் தனிக்குடித்தனம் போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல செய்திகள் இருந்தாலும், நான் அந்தப் பிக்கப் வண்டியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். நீங்கள் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற தவிப்பில் செய்தீர்கள். ஆயினும், உங்கள் அத்தைக்கு இருப்பது போன்ற குவிப்பு நோயுள்ளவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பொருள்களை அகற்றுவது ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உங்களுக்குக் கிடைத்த முடிவையே தருகிறது. அறை மீண்டும் நிறைகிறது, பேச்சு நிற்கிறது, பூட்டு வருகிறது. ‘நான் காவல் இருக்காவிட்டால் என் பொருள்கள் போய்விடும்’ என்று அவர் மனத்துக்குள் அஞ்சிக்கொண்டிருந்தது அன்று கண்முன்னே மெய்யாகிவிட்டது. ஒன்றை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் திறன்தான் இந்த நோயில் பழுதுபட்டிருக்கிறது. அந்த முடிவுகளை எல்லாம் அவருக்குப் பதிலாக நீங்களே ஒரு பிற்பகலில் எடுத்துவிட்டதால், அறை காலியானதே தவிர, நோய் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். குன்னூரில் பணியைத் தொடங்கிய புதிதில், இதே நிலையில் இருந்த ஒரு முதியவரின் மகனிடம், “அப்பாவை நான்கு நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டை ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடுங்கள்” என்று ஆலோசனை சொன்னேன். அவர்களும் செய்தார்கள். அந்த முதியவர் அதன் பிறகு மகனைத் தன் அறைக்குள் விடவே இல்லை. என்னிடம் சிகிச்சைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த தீங்கை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அதனால்தான் உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: அவருக்குத் தெரியாமல் இனி ஒரு பால் கவரைக்கூட எடுக்காதீர்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இது நோய்தான். ஹோர்டிங் டிஸார்டர் என்று மருத்துவத்தில் அழைக்கப்படுகிறது. நீண்ட காலம் இது எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு கிளையாகவே கருதப்பட்டு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில்தான் முதன்முறையாகத் தனி நோயாக இடம்பெற்றது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டிலும் அவ்வாறே உள்ளது. தமிழில் இதைச் சிலர் பதுக்கல் நோய் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பதுக்கல் என்றதும் நமக்கு அரிசி மூட்டைகளை மறைத்து வைத்து விலையேற்றும் வியாபாரிதான் நினைவுக்கு வருகிறார். அந்தச் சொல்லிலேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. குவிப்பு நோய் என்றே நான் சொல்லி வருகிறேன். பொருளின் மதிப்பு எதுவாக இருந்தாலும் அதை விட்டுப் பிரிவதில் நீங்காத துயரம், அதனால் வாழுமிடம் நிறைந்து புழங்க முடியாமல் போவது, அன்றாட வாழ்க்கையும் உறவும் கெடுவது ஆகியவை சேர்ந்து இருந்தால்தான் இதை நோய் என்கிறோம். தபால்தலை சேர்ப்பவர், பழைய நாணயம் சேர்ப்பவர் எல்லாம் இதில் வரமாட்டார்கள். அவர்கள் சேர்த்ததை அடுக்கி வைத்துப் பிறருக்குக் காட்டி மகிழ்வார்கள், உங்கள் அத்தையோ கதவைப் பூட்டுகிறார்.

கஞ்சத்தனம் அல்ல என்பதற்கு வேறெங்கும் சான்று தேட வேண்டாம். அத்தை பேத்திக்குப் பணம் கொடுக்கத் தயங்குவாரா, வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவாரா என்று எண்ணிப் பாருங்கள். நான் கண்ட நோயாளிகள் பலர் தாராளமான கை உள்ளவர்கள். பத்து ரூபாயை எளிதாகக் கொடுத்துவிடுவார்கள், அந்தப் பத்து ரூபாய்ப் பொருள் வந்த கவரைத்தான் கொடுக்க முடியாது. கருமி பணம் குறைவதற்கு அஞ்சுகிறார். இவரோ தவறான ஒன்றை விட்டுவிடுவோமோ என்றும், வீணாக்கிய பாவம் தனக்கு வந்து சேருமோ என்றும், கண்ணில் படாத பொருளோடு அதன் நினைவும் போய்விடுமோ என்றும் அஞ்சுகிறார். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கு நெடுங்காலமாகவே தடை இருப்பதால், ஒரு நல்ல கவர் கிடைப்பதே அரிது என்ற வாதமும் அவருக்குத் துணைக்கு வந்திருக்கும். வாதம் தவறில்லை. நாம் பத்துக் கவர்களோடு நிறுத்திக்கொள்வோம்; அவரால் பத்தாவதுக்கும் ஆயிரமாவதுக்கும் வேறுபாடு காண முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. குவிப்பு நோயுள்ள 43 பேரை அவரவர் வீட்டில் கிடந்த காகிதங்களையும் விளம்பரத் தபால்களையும் கொண்டுவரச் செய்து, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, ஒவ்வொரு காகிதத்தையும் வைத்துக்கொள்வதா கிழித்துப் போடுவதா என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். ஒரு பொருள் முக்கியமானதா, ஒரு முடிவு ஆபத்தானதா என்று எடைபோடும் மூளைப் பகுதிகள், பிறருடைய காகிதத்தைப் பற்றி முடிவெடுத்தபோது மற்றவர்களைவிடக் குறைவாகவும், தம்முடைய காகிதத்தைப் பற்றி முடிவெடுத்தபோது அளவுக்கு மிஞ்சியும் இயங்கின. நாம் ஒரு பழைய மின்கட்டண ரசீதைக் கசக்கிப் போடும் அந்த நொடியில், உங்கள் அத்தையின் மூளை அவரை வீட்டுப் பத்திரத்தைக் கிழிப்பவரைப் போல எச்சரிக்கிறது. “இந்தக் குப்பையைத் தூக்கிப் போட என்ன யோசனை?” என்று நாம் கேட்கும் கேள்வி அவர் காதில் எப்படி விழும் என்பதை இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். போகிக்கு முந்தைய வாரம் இத்தகைய வீடுகளில் சண்டை மூளாமல் இருப்பதில்லை. ஊரே பழையதைக் கழிக்கும் நாளில் அவர் மட்டும் காவலுக்கு நிற்கிறார்.

மாமா ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவார் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதியிருப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதிலேயே மெல்லத் தொடங்கி, பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடிக்கொண்டே போகும். 55 வயதைக் கடந்தவர்களிடம் இளையவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் வீடு நிறையாமல் இருந்தால், பெரும்பாலும் உடனிருப்பவர் ஒருவர் சத்தமில்லாமல் அதற்கு ஈடுகொடுத்து வந்திருப்பார். உங்கள் வீட்டில் அவர் மாமா. அவர் போனபோது அத்தை கணவரை இழந்தார், வீடு தன் வடிகாலை இழந்தது. துக்கமும் சேர்ந்துகொண்டதால் பொருள்களின் மீதான பிடி இறுகியிருக்கிறது. ஆக, ஆறு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்த மாற்றமாக இதைக் கருத வேண்டியதில்லை. அறுபது வயதுக்கு மேல் திடீரென்று இப்பழக்கம் தொடங்கியிருந்தால், மறதி நோயோ மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வேறு நோயோ இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். எப்படியும் ஒருமுறை நினைவாற்றல் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சமைத்ததை மறப்பது, தெரிந்த வழியில் தடுமாறுவது, பேச்சிலும் நடத்தையிலும் புதிய மாற்றம் ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

இலங்கையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் என்று உறவினர்கள் சொல்வதைப் பற்றி. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 உடன்படிக்கைக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் பிறவிடங்களிலும் வேலை தேடி இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களை நான் நன்கறிவேன். என் நோயாளிகளில் பலர் அவர்களுடைய பிள்ளைகள். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இந்த நோய் இல்லை. வறுமையில் வளர்ந்தவர்களுக்கே இது வரும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவலாக இருந்தாலும், 1990-களிலிருந்து நடந்துவரும் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. பொருள் பற்றாக்குறையில் வளர்ந்ததற்கும் குவிப்புக்கும் நேரடித் தொடர்பு காணப்படவில்லை. இழப்பும் அதிர்ச்சியுமான நிகழ்வுகளுக்குத் தொடர்பு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் தன் தோழிகளையும் பிறந்த லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டையும் ஒரே நாளில் விட்டுவந்ததை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் எப்போதாவது அதைப் பற்றிப் பேச முன்வந்தால், உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் ‘பாவம், அனுபவித்தவள், அப்படித்தான் இருப்பாள்’ என்ற இரக்கம் அவரைச் சிகிச்சைக்கு அழைத்துவராமல் தடுத்துவிடக் கூடாது. உங்கள் உறவினர்களின் விளக்கத்தில் எனக்குள்ள குறை அது ஒன்றே.

இப்போது உங்கள் மகளைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அவளுக்கு இரண்டு வரிகள்தான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கோ அவளைப் பற்றித்தான் அதிகக் கவலை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குவிப்பு நோயுள்ளவர்களின் உறவினர்கள் 665 பேரிடம் அவர்கள் அனுபவத்தைக் கேட்டறிந்தார்கள். பத்து வயதுக்கு முன்பே நிறைந்துபோன வீட்டில் வாழ்ந்தவர்கள், அவ்வாறு வாழாதவர்களைவிட, தம் குழந்தைப் பருவத்தில் மகிழ்ச்சி குறைவாக இருந்ததாகவும், நண்பர்களைப் பெறுவது கடினமாக இருந்ததாகவும், வீட்டின் நிலையை எண்ணி வெட்கப்பட்டதாகவும், வீட்டுக்குள் சண்டை மிகுந்திருந்ததாகவும் கூறினார்கள். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. தோழிகளை அழைக்காமல் இருப்பதை அவள் யாரிடமும் முறையிட்டிருக்க மாட்டாள். “எங்க வீடு ரொம்ப தூரம்” என்றோ “பாட்டிக்கு உடம்பு சரியில்லை” என்றோ சொல்லிச் சமாளித்திருப்பாள். ஒரு குழந்தை வீட்டைப் பற்றிப் பொய் சொல்லப் பழகுவது அவளுக்கு எத்தனை பெரிய சுமை என்று எண்ணிப் பாருங்கள்.

அவளிடம் மறைக்காமல் பேசுங்கள். பாட்டிக்குப் பொருள்களை விடுவது கடினமாக இருக்கும் ஒரு நோய் இருக்கிறது, அது பாட்டியின் குற்றமும் இல்லை, உன் குற்றமும் இல்லை, அம்மாவும் அப்பாவும் மருத்துவரின் உதவி கேட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடுங்கள். பாட்டியை ஒருபோதும் அவள் முன்னால் இழித்துப் பேச வேண்டாம். பாட்டி எங்கே என்ன ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவளிடம் துப்பு கேட்கவும் வேண்டாம். அவளுக்கென்று ஓர் இடத்தை, ஒரு மேசை போடும் அளவுக்காவது, உடனே ஒதுக்குங்கள். அந்த இடத்தைப் பற்றி அத்தையிடம் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். இந்த நோயில் குடும்பத்தார் எல்லாவற்றிலும் கண்டிப்பாக இருந்தாலும் கெடுகிறது, எல்லாவற்றிலும் அனுசரித்துப் போனாலும் கெடுகிறது. எந்த இடம் பொது, எந்த இடம் அவருடையது என்று எல்லை வகுத்துக்கொள்வதே நடைமுறையில் பயன் தருவதை நான் கண்டிருக்கிறேன். கூடம், சமையலறை, குளியலறை, நடைவழி, குழந்தையின் மேசை ஆகியவை அனைவருக்கும் பொது. அங்கே பொருள் சேரக் கூடாது. அவருடைய அறை அவருடையது; அங்கே அவர் அனுமதியின்றி யாரும் கை வைக்கக் கூடாது. பேச்சுக்கு அவர் சம்மதித்ததும் முதலில் அந்தப் பூட்டைப் பற்றிய அவமானத்தை நீக்குங்கள். பூட்டு அவர் விரும்பும்வரை இருக்கட்டும், மாற்றுச் சாவி ஒன்று ஆபத்துக்காக உங்கள் கணவரிடம் இருந்தால் போதும்.

அந்தக் கரி அடுப்பு மட்டும் இந்த எல்லைக்குள் அடங்காது. மற்ற எல்லாவற்றுக்கும் மாதங்கள் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு இந்த வாரமே முடிவு வேண்டும். மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிப்பதற்குள் மயங்கிவிடுவார். பொருள்கள் சன்னலை மறைத்திருக்கும் அறையில் ஆபத்து பன்மடங்கு. போதாததற்குச் சுற்றிலும் நாளிதழும் சாக்கும் துணியும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத் தீயணைப்புத் துறை பத்தாண்டுக் காலத் தீவிபத்துகளை ஆராய்ந்தபோது, குவிப்பு நிறைந்த வீடுகளில் நேர்ந்தவை மொத்த வீட்டுத் தீவிபத்துகளில் 0.25 சதவீதம் மட்டுமே. ஆனால் தவிர்த்திருக்கக் கூடிய தீவிபத்து மரணங்களில் 24 சதவீதம் அந்த வீடுகளில் நிகழ்ந்திருந்தன. தீ வேகமாகப் பரவுவதும், உள்ளிருப்பவர் வெளியேற வழியில்லாததும், மீட்க வருபவர் உள்ளே நுழைய முடியாததும் இதற்குக் காரணங்கள். குளிருக்கு அவருக்கு நல்ல கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள். ஹீட்டர் வைத்தால் அதைச் சுற்றி மூன்றடிக்கு எரியக்கூடிய எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. “அத்தை, உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை” என்று நீங்கள் சொன்னால் அது உண்மையும்கூட.

மழைக்காலத்தையும் மறக்க வேண்டாம். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவோடிரவாக வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலை இந்தச் சரிவுகளில் வாழும் யாருக்கும் வரலாம். அத்தையின் கட்டிலிலிருந்து வாசல்வரை மூன்றடி அகலத்துக்கு வழி இருக்க வேண்டும், கதவு முழுவதும் திறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் அடுக்கி வைத்த காகிதம் பூசணம் பிடிப்பதும், அதிலிருந்து இளைப்பு வருவதும், எலி குடியேறினால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டாவதும் உங்களுக்குத் தெரிந்தவையே.

வீடு சுத்தமாக வேண்டும் என்று நீங்கள் தொடங்கினால் அவர் எதிர்ப்பார். வீடு ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும் என்று தொடங்கினால் பெரும்பாலும் இணங்குவார். ஹீட்டர் இருந்தால் அதைச் சுற்றி மூன்றடி, வாசலுக்கு மூன்றடி, சன்னல் ஒன்று திறக்கும்படி: முதல் இரண்டு மாதங்களுக்கு இதற்கு மேல் எதையும் கேட்க வேண்டாம். இவற்றுக்காகப் பொருள்களைத் தூக்கிப் போடவும் தேவையில்லை, இடம் மாற்றினாலே போதும்.

இந்தப் பேச்சை நடத்த வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் பேசினால் அது பொருளைப் பற்றிய பேச்சாக நில்லாமல், இந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்ற பேச்சாகிவிடும். கடந்த மூன்று மாத மௌனம் முழுவதும் உங்கள் தலைமீது மட்டும் விழுந்திருக்கிறது; வண்டி பிடித்ததில் சரிபாதி பங்குள்ள மகனிடம் அவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்? எனவே அவரே முதலில், “அம்மா, உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு, இனி அப்படிச் செய்ய மாட்டோம்” என்று சொல்லட்டும். நீங்களும் பிறகு ஒருநாள், விளக்கம் எதுவும் சேர்க்காமல், அதையே சொல்லுங்கள். ‘ஆனால்’ என்ற சொல் அதற்குப் பின்னால் வந்தால், மன்னிப்புக் கேட்டது கேட்காததாகிவிடும்.

அதன் பிறகு, அவர் இசைந்தால், தினமும் இருபது நிமிடம் போதும். மாமாவின் மருத்துவமனைக் காகிதங்களிலோ அவர் சட்டைகளிலோ தொடங்காதீர்கள். அவை கடைசியில் வரட்டும். காலி மருந்து அட்டை, உடைந்த மூடி போன்ற, நினைவு எதுவும் ஒட்டியிராத பொருளில் தொடங்குங்கள். மகன் அருகில் உட்காரட்டும். பொருளை எடுப்பதும் முடிவு சொல்வதும் அத்தையாகவே இருக்கட்டும். வாதாடுவதைவிடக் கேள்வி கேட்பது நல்லது: “இதே மாதிரி இன்னும் எத்தனை இருக்கு அம்மா? போன வருஷம் இதை எதுக்கு எடுத்தீங்க? இல்லாமப் போனா என்ன ஆகும்?” இருபது நிமிடத்தில் அவர் மூன்றே பொருள்களை விட்டாலும், அந்த மூன்றையும் விடும்போது எழுந்த பதற்றத்தைத் தாங்கிக்கொண்டு, அது தானாகவே தணிவதை அவர் அனுபவித்திருக்கிறார், இந்த நோய்க்கான சிகிச்சையின் சாரமே அந்த அனுபவம்தான். விட முடிவு செய்ததை அன்றே பழைய இரும்புக் கடைக்கோ தேவைப்படுபவருக்கோ கொடுத்துவிடுங்கள். மறுநாள்வரை வாசலில் இருந்தால் மீண்டும் உள்ளே வந்துவிடும். யாருக்காவது பயன்படும் என்று தெரிந்தால் அவர் எளிதாக விடுவார். உள்ளே வருவதைக் குறைப்பதும் இதற்குச் சமமாக முக்கியம். இந்த நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் விடமாட்டாமல் இருப்பதோடு புதிதாகச் சேர்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். கடைவீதிக்கு அவர் போகும்போது யாராவது உடன் போவது பயன் தரும்.

வீட்டு முயற்சி மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. குவிப்பு நோய்க்கென்றே வகுக்கப்பட்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேச்சு, பயிற்சி வழியே மாற்றுவது) உண்டு. ஏறத்தாழ 26 அமர்வுகள், சில வீட்டிலேயே. பெரும்பாலோருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. முற்றிலும் குணமாவோர் குறைவு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் மனம் உடையக் கூடாது. இந்த நோய்க்கென்று தனி மாத்திரை இல்லை. ஆனால் நான்கில் மூவருக்கு மனச்சோர்வோ பதற்ற நோயோ உடன் இருக்கிறது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததையும் மாமாவின் மறைவையும் சேர்த்துப் பார்க்கையில், அத்தைக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிவது அவசியம். அதற்கு மருந்து நன்றாக வேலை செய்யும். அது குறைந்தாலே பொருள்களின் பிடியும் சற்றுத் தளரும். “வீட்டை இப்படி வைத்திருப்பதால் டாக்டரிடம் போகலாம்” என்று அழைத்தால் வரமாட்டார். “மாமா போனதிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்குவதில்லையே, அதற்காகப் போகலாம்” என்று அழைத்துப் பாருங்கள். உதகை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அதற்கு முன் நீங்கள் யாரிடமாவது பேச விரும்பினால், அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அது நோயாளிக்கு மட்டுமானதல்ல, அவரோடு வாழ்பவர்களுக்கும் உரியது.

பரம்பரையாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரட்டையர்களை ஆராய்ந்ததில், இதில் மரபின் பங்கு ஏறக்குறையப் பாதி எனத் தெரிகிறது. மீதிப் பாதி நம் கையிலும் சூழலிலும் இருக்கிறது. கணவருக்கு இதுவரை அறிகுறி இல்லையென்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மகள் பழைய பென்சிலை விடமாட்டேன் என்றால் உடனே பயந்துவிடாதீர்கள். எல்லாக் குழந்தைகளும் அந்த வயதில் அப்படித்தான். தன் பொருளைத் தானே அடுக்கவும், தானே தேர்ந்து பிறருக்குக் கொடுக்கவும் அவளுக்குப் பழக்கம் இருந்தால் போதும்.

தனிக்குடித்தனம் பற்றி. அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆறு மாதம் முயன்ற பிறகும் குழந்தைக்கு ஓர் இடமும், வாசலுக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை என்றால், அருகிலேயே ஒரு வீடு பார்த்து, தினமும் வந்து பார்த்துக்கொள்வது அவரைக் கைவிடுவதாகாது. ஆனால் இன்று, அவருடைய காயம் ஆறாத நிலையில் நீங்கள் கிளம்பினால், அவர் அந்த வீட்டில் தனியாக, கரி அடுப்போடு, தடுப்பார் யாருமின்றி இருப்பார். எனவே ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவர் தாயோடு உட்கார்ந்து பேசி, கரி அடுப்பை வெளியே கொண்டுவரட்டும். கட்டிலிலிருந்து வாசல்வரை வழியை இருவருமாக ஒதுக்கட்டும். என்னைப் பார்க்க வரும்போது கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றையும் செல்பேசியில் படமெடுத்து வாருங்கள். அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வோர் அறைக்கும் ஒன்பது படங்கள் கொண்ட ஓர் அளவுகோல் எங்களிடம் இருக்கிறது; நான்காவது படத்தை எட்டியிருந்தாலோ தாண்டியிருந்தாலோ சிகிச்சை தேவை என்று கொள்வோம், சில மாதங்களுக்குப் பிறகு முன்னேற்றத்தையும் அதே அளவுகோலால் அளப்போம். அந்தப் படங்களை அத்தைக்குச் சொல்லிவிட்டு எடுங்கள். அவர் வேண்டாம் என்றால் எடுக்காமலே வாருங்கள்.